அடிப்பாரம்

நவ்பர் பைபர் படகு கட்டுகிறவன்.
கிண்ணியாப் பாலம் தாண்டி அவன் பட்டறை,
ரெசின் நெடி அங்கே நாய்க்கும் பழகிவிட்டது.
வெடித்த பந்தை அவன் மேசையில் வைத்தேன்.
பதினாலு றாத்தல், ஊதாவும் கறுப்பும், மூன்று துளை.
"தேங்காய் எண்டு நினைச்சு வெட்டு."
அவன் சிரிக்கவில்லை.
பட்டைவாளுக்குப் புது அலகு மாட்டினான்.

நிலாவெளி ஹோட்டலில் இரண்டே இரண்டு பௌலிங் லேன்.
அதில் ஒன்று மழைக்காலத்தில் உப்பும்.
கட்டாரில் ஏழு வருசம்
பிறர் விரலுக்கு அளவெடுத்துப் பந்தில் துளை போட்ட நான்
இங்கே துடைக்கிறேன், எண்ணெய் பூசுகிறேன்,
சிக்கிய பின்னை இழுத்தெடுக்கிறேன்.
புதன்கிழமை ஐந்தரைக்கு யசோதினி வருவா,
வங்கிச் சேலை மாற்றி, காற்சட்டையில்.
ஒன்பது விழும்.
வலது மூலையில் பத்தாம் பின் மட்டும்
வரிசையில் நின்று கடன் கேட்கிற ஆள்போல நிற்கும்.
"கை பிழையில்லை. பந்து பிழை" என்பா.
ஒரு செக் நாட்டுக்காரர்
விமான எடைக்குப் பயந்து விட்டுப்போன பந்து அது.
போன புதன் தானாகவே பிளந்தது.

வாள் நின்றது.
இரண்டு பாதி.
உள்ளே மஞ்சட்கரு இல்லை, உருண்டையும் இல்லை.
சாய்ந்து படுத்த குண்டுபல்பு,
ஒரு கன்னத்தில் மட்டும்
பல்வலிக்காரன் வீக்கம்.
நவ்பர் விரலால் அதன் ஓரம் தடவினான்.
"தெரிஞ்சே செய்த கோணலா?"
தெரிஞ்சே.
"படகில இப்பிடி வச்சா என்னைக் கடலுக்க தள்ளுவாங்க."

அவனுக்குச் சொன்னேன்:
அறுபது அடி லேனில் முதல் நாற்பது எண்ணெய்.
அங்கே எல்லாப் பந்தும் நல்ல பிள்ளை,
வழுக்கும், நேரே போகும்,
உள்ளே என்ன இருக்கென்று சொல்லாது.
ஆனால் இந்த வீங்கிய கன்னம்
தனக்கு வசதியான கிடை தேடி
சுற்றுக்குச் சுற்று அச்சைக் கொஞ்சம் நகர்த்தும்.
அதனால் எண்ணெய்க் கோடுகள்
ஒன்றின்மேல் ஒன்று விழாமல் விசிறியாய் விரியும்.
ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத்தோல்
பலகையைத் தொடும்.
காய்ந்த இடம் வந்ததும்
பிடிக்கும்,
வளையும்.

"அப்ப ஏன் அவவுக்குப் பிந்தி வளையுது?"

பாரம் ஓட்டுப்பக்கம் பரந்திருக்கு என்றேன்.
அவன் பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஆக்களை நடுவில இருத்தினா
படகு சட்டெண்டு திரும்பும்.
அணியத்திலயும் பின்னுக்கும் பிரிச்சு இருத்தினா
யோசிச்சு யோசிச்சுத்தான் திரும்பும்.
அதுதானே?"
அதுதான்.
கட்டாரில் மூன்று நாள் பயிற்சியும் ஒரு சான்றிதழும்
எனக்குச் சொன்னது அதுதான்.

ஒரு பாதியை அவனே வைத்துக்கொண்டான்,
கண்ணாடி நார்ப்பாய் கச்சான் காற்றில் பறக்காமலிருக்க.
மற்றப் பாதி என் மோட்டார்சைக்கிள் பெட்டியில்
ஒவ்வொரு வளைவிலும் இடித்துக்கொண்டு வந்தது.
பஸ் நிலையத்தடியில் ஒரு புள்ளிமான்
வெள்ளைக்கோட்டின்மேல் நேரே நேரே நடந்து
திடீரென மரக்கறிக் கடைக்குள் திரும்பியது.
எண்ணெய் அங்கேதான் முடிந்ததாக்கும்.
கீரைக்காரர் தடி எடுத்தார்.

கொழும்பிலிருந்து வேறு பந்து எடுப்பித்தேன்,
பாரம் நடுவில் குவிந்தது.
யசோதினியின் மோதிரவிரல் ஒரு நூல் பருத்திருந்தது,
கேட்கவில்லை, துளையைக் கொஞ்சம் அகட்டினேன்.
அடுத்த புதன்
பகல் முழுக்க மின்சாரமில்லை.
எண்ணெய் மெசின் ஓடவில்லை,
துணியால் பூசினேன், கை அறிந்த மட்டும்.

எறிந்தா.
பந்து வழமையைவிட முன்னமே
எதையோ ஞாபகம் வந்ததுபோல் இடதுக்குத் திரும்பி
முதற்பின்னின் முகத்திலேயே அடித்தது.
பத்து விழுந்தது.
இரண்டு வருசத்தில் முதல் தடவை
அந்த மூலை வெறுமை.

நாலாம் பின் நிற்குது.

அவ திரும்பி என்னைப் பார்த்தா.
நான் துணியைப் பார்த்தேன்.