ஒரு முழு நிமிடம்

விரல் கிளிப் மூன்று முறை கோடு மட்டும் காட்டியது.
நம்புத்தாயின் பத்து விரலிலும் துணிச்சுற்று.
பாறையில் பாசி பறிக்கப் போகிறவர்கள்
விடியுமுன் பல்லால் இறுக்கும் முடிச்சு,
உப்பில் ஊறிக் கல்லாகியிருந்தது.
கத்தரியை வைத்தேன்.
"வெட்டாதம்மா. அவுத்துடு. நாளைக்கு வேணும்" என்றாள்,
சொல்லுக்கொரு மூச்சு வாங்கி.

அவிழ்த்தேன். வெளுத்துச் சுருங்கிய ஆள்காட்டி விரல்,
கீறல் கீறலாய். எண்பத்தொன்பது.

மூச்சை எண்ணக் குறுக்கு வழி உண்டு,
பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவோம்.
ஐந்து நாள் காய்ச்சலோடு கடலில் இறங்கியவளிடம்
அந்தக் கணக்கு வேண்டாமென்று
விலாவில் சேலை ஏறி இறங்குவதையே பார்த்து
ஒரு நிமிடம் முழுதாய் நின்றேன்.
முப்பத்திரண்டு.
வெளியே வாலிநோக்கம் பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் போனது.

டாக்டர் முதுகில் தட்டினார்.
இடப்பக்கம் காலிக் குடம்,
வலது அடியில் நிறைகுடத்தின் மொத்தைச் சத்தம்.
ஸ்டெதாஸ்கோப்பை எனக்கும் கொடுத்தார்:
அலை வடிந்த மணலில் நுரை வெடித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன கிழமை?"
"அட்டமி கழிஞ்சு ரெண்டு நாளு. தண்ணி இழுக்காது."
சொல்லிவிட்டு இருமினாள். துரு நிறச் சளி.
தருமபுரிக்காரர், வந்து இருபது நாள்தான்,
சீட்டில் 'குழப்பம்: ஒன்று' என்று எழுதினார்.
நான் போய் நாட்காட்டியைப் பார்த்தேன். தசமி.
சொன்னேன். மறுபேச்சில்லாமல் அடித்தார்.
எப்படியும் ராமநாதபுரத்துக்கு அனுப்பத்தான் போகிறோம்,
அந்த எண்பத்தொன்பதே போதும்.
ஆனாலும் அந்த ஒன்று அவள் மேல் ஒட்டிக்கொண்டு
அங்கேயும் போக வேண்டாம்.

108 வர நாற்பது நிமிடம்.
முதல் ஊசி வண்டிக்காகக் காத்திருக்காது.
ஆக்சிஜன், நரம்பில் செஃப்ட்ரியாக்சோன்,
விழுங்க அசித்ரோமைசின்,
காசநோய்க்கும் பார்க்கட்டுமென்று ஒரு சளி டப்பா.
தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று.
துணிச்சுருளைக் கையில் பொத்தியபடியே
ஸ்ட்ரெச்சரில் ஏறினாள்.

ஒன்பதாம் நாள் வந்தாள், நடந்தே.
மாத்திரை முடித்தாயா என்றேன்.
"பசி வந்துருச்சுல்ல. மிச்சத்த
எங்க நாத்தனாருக்குக் குடுத்துட்டேன்,
அவளுக்கும் இதே இருமல்."

திட்ட வாயெடுத்தவள் வாசலைப் பார்த்தேன்.
தூணைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி,
விரல்களில் துணிச்சுற்று.
உள்ளே வா என்று கூப்பிட்டு
கடிகாரத்தைப் பார்த்தேன்.