பித்தான்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
பழைய செருப்புக்கும் சீனத்து டார்ச்சுக்கும் நடுவே
நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது.
கோட்டுப் பித்தான் அளவு,
அதனால் பித்தான்.
கூடவே ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம் இலவசம்.

இதற்குமேல் வளராது என்றான் விற்றவன்.
எங்கள் கடனைப் பற்றியும் ஒருவர்
அப்படித்தான் சொல்லியிருந்தார்.

நான்காம் வருஷம் சோற்றுத்தட்டு அளவு.
குளியலறைத் தொட்டியை அது எடுத்துக்கொண்டது,
நாங்கள் குடத்தில் மொண்டு குளித்தோம்.
பாசி நாற்றம் புடவையில் ஏறி
ஆபீஸ் நாற்காலி வரை வந்தது.
ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும், என்று
மாமியார் ஆரம்பிப்பார்,
முடிக்காமல் விட்டுவிடுவார்.
பாதிப் பழமொழிக்குப் பலம் அதிகம்.

மழை விட்ட ஒரு ராத்திரி
தனசீலன் ஸ்கூட்டர் ஓட்ட
வாளியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்
வேல்ராம்பட்டு ஏரிக்கு.
கரையில் சாய்த்தேன்.
அது உடனே போகவில்லை.
கழுத்தை நீட்டி
என் கையையே பார்த்தது, தீனிக்கு.
கண்ணுக்குப் பின்னால் அந்தச் சிவப்பு,
செல்போன் வெளிச்சத்தில்,
தப்புக் கணக்கின் மேல் இழுத்த மைக்கோடு.

அம்மா வீட்டுக்குப் போயிருக்கு என்றோம் மகளிடம்.
"அதோட ஊரு அமெரிக்கான்னு
தீனி டப்பாவுல போட்டிருக்கே,
நீந்தியேவா போகும்?"

ஆறு மாதத்தில் அமீனா வந்தார்.
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்,
மரியாதையான மனுஷர்.
ஃபிரிட்ஜ், தையல் மெஷின், பீரோ என்று
எழுதிக்கொண்டே போனவர்
காலித் தொட்டியைப் பார்த்து
இதில் என்ன இருந்தது என்றார்.
மாமியார்
அன்றைக்கும் முடிக்கவில்லை.

இப்போது ஏரிப் பக்கமே வாடகைக்கு இருக்கிறோம்.
சர்க்கரைக்காகக் காலையில் நடக்கிறேன்.
தண்ணீரில் சாய்ந்த கருவேல மரத்தின் மேல்
வெயில் காய்கின்றன ஒன்பது,
சில நாள் பதினொன்று,
எல்லாம் சிவப்புக் கோடு.
யார் யார் வீட்டு வாளிகளோ.

அது காராமை உட்கார்ற மரம் என்கிறார்
வலை போடும் சவரிராயன்.
இதுங்க அதைத் தள்ளிவிட்டுட்டு ஏறிக்குது,
வந்தேறிங்கம்மா எல்லாம்.
சொல்லிக்கொண்டே வலையை உதறினார்.
விழுந்தது ஜிலேபிக் கெண்டை,
சுற்றிக்கொண்டு வந்தது ஆகாயத்தாமரை.
அவை மட்டும் எந்த ஊராம்?
கேட்கவில்லை.
நானே கடலூர் முதுநகர்.

நேற்று விடிகாலை
நடைபாதை ஓரத்து மண்ணை ஒன்று
பின்னங்காலால் தோண்டிக்கொண்டிருந்தது.
ஓட்டில் ஒரு வெட்டு, இடப்பக்கம்.
பித்தானுக்கு இருந்தது இடதா, வலதா?
விட்டு வந்த கைக்கு
பாரம் ஞாபகமிருக்கிறது, பக்கம் இல்லை.

குழியை மூடி
ஈரமண்ணை வயிற்றால் தட்டிச் சமன்செய்து
யார் வீட்டையும் திரும்பிப் பார்க்காமல்
தண்ணீருக்குள் போனது.

ஒரு மிதி போதும்.
காராமைக்கு அந்த மரம் திரும்பக் கிடைக்கலாம்,
கிடைக்காமலும் போகலாம்.
நாயொன்று மோப்பம் பிடித்து வந்தது.
சூ என்றேன்.
அது நகர்ந்த பிறகும்
சூ என்றேன் இன்னொரு தரம்.
செருப்பைக் கழற்றிக்
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்
அந்த மண்ணுக்குப் பக்கத்தில்.