பின்பக்கமாக ஏறியது

கம்பளையில் விற்றவன் சொன்னான்:
"நாலு சக்கரமும் இழுக்கிற மாடல்
பன்னிரண்டு லட்சம் கூட.
பெட்ரோலும் குடிக்கும். உங்களுக்கு எதுக்கு?"
உயரம் ஒன்றுதான். முகமும் ஒன்றுதான்.
குனிந்து பார்த்தால் மட்டும்
பின் அச்சின் நடுவே
டிஃபரென்ஷியல் இருக்கவேண்டிய இடத்தில் காற்று.
நான் குனியவில்லை.

பொகவந்தலாவை. மூன்றாம் நாள் மழை.
மேல் டிவிசன் ஏற்றத்தில்
முன்சக்கரங்கள் சேற்றை அரைத்தன,
பின்சக்கரங்கள் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி
சும்மா இருந்தன.
பின்சீட்டில் மருத்துவமாது திலகேஸ்வரி,
மடியில் தடுப்பூசிப் பெட்டி,
உருகும் ஐஸ்.

"ரிவேர்ஸில போங்க.
ஏத்தத்துல பாரமெல்லாம் கீழ்ப்பக்கம்தானே சாயும்?
இழுக்கிற சக்கரம் அங்க இருக்கட்டும்."

வளைவில் வண்டியைத் திருப்பினேன்.
கியர் நாய்க்குட்டியாய் முனக
டயரின் பல் ஒவ்வொன்றும் கல்லைத் தேடிக் கவ்வியது.
கண்ணாடிக்குள் மலை வளர்ந்தது.
முன்னால், பனிமூட்டத்துக்குள்,
நான் கடன்பட்ட ஊரெல்லாம்
சிறுத்துக்கொண்டே போனது.

லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து
பின்கதவுக்குச் சலாம் வைத்தார்கள்,
அதுதான் வண்டியின் முகம் என்று.

பெட்டியைத் திறந்தார் திலகேஸ்வரி.
ஐஸ் கொஞ்சம் மிச்சமிருந்தது.