கோரம் பதினொன்று

முதலில் ஓடம்தான் இருந்தது.
சங்கம் பிறகு வந்தது.

மார்கழியில் புலிபாய்ந்தகல் பாதை
தண்ணிக்குள் போனால்
அக்கரையில் காய்ச்சல்காரர்,
இக்கரையில் கிரான் ஆஸ்பத்திரி,
இடையில் அழகிப்போடியின் ஓடம்,
ஒரு நீண்ட கம்பு.
கம்புக்கு யாப்பு கிடையாது.

யாரோ என்ஜின் தருகிறோம் என்றார்கள்.
தனியாளுக்கு இல்லை,
பதிந்த சங்கத்துக்குத்தான்.
அப்படி நான் செயலாளர் ஆனேன்,
கையெழுத்து வடிவென்று
நேசம்மா சொன்ன ஒரே காரணத்தால்.

பிரதேச செயலகத்தில் றிஸ்மியா மிஸ்
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தா:
"நோக்கம், ஆக்களை ஏத்தி இறக்கல்.
இது போக்குவரத்து. அது வேற கந்தோர்.
அனர்த்தகால மனிதநேய உதவி என்று போடுங்க."
போட்டோம்.
பத்து வருசமாய் நாங்கள் என்ன செய்துவந்தோம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாப்பு மூன்று பிரதி,
பக்கத்துக்குப் பக்கம் ஒப்பம்.
பூபாலன் கைநாட்டு வைத்தான்;
மை காயுமுன் ஓர் இலையான் அதில் நடந்து
தானும் உறுப்பினர் ஆகிற்று.

"சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு?"
கடைசிப் பிரிவு கேட்டது.
பிறக்காத பிள்ளைக்கு
ஈமச்செலவு கேட்பதுபோல் இருந்தது.
"இதே நோக்கமுள்ள இன்னொரு சங்கத்துக்கு"
என்று எழுதச் சொன்னா மிஸ்.
இன்னொரு ஓடம் எங்கே இருக்கென்று
தெரியாமலே எழுதினேன்.

பதிவிலக்கம் வந்தது.
அழகிப்போடி அதை வெள்ளைப் பெயின்றால்
ஓடத்தின் நெற்றியில் எழுதினார்.
ஓர் இலக்கம் தலைகீழ்.

வருசம் திரும்பியது.
கணக்காய்வாளர் செங்கலடியிலிருந்து வந்தார்.
"பெற்றோல் மூன்று லீற்றர்.
பற்றுச்சீட்டு எங்கே?"
பொருளாளர் தங்கேஸ்வரி சொன்னாள்:
"சாமம் ரெண்டு மணிக்கு
ஆர்ட கடை திறந்திருக்கும்?
மோட்டார்சைக்கிள் டாங்கியில
குழாய் போட்டு உறிஞ்சினது.
உறிஞ்சின வாய் இதுதான்,
இன்னும் மணக்குது, வந்து பாருங்க."
அவர் வரவில்லை.
"பயனாளியிடம் வவுச்சரில் ஒப்பம் வாங்குங்க" என்றார்.
பயனாளிக்கு அப்போது பதினொரு மாதம்.
ஓடத்தில் பிறந்த பொடிச்சி.
வவுச்சரின் மூலையைத் தின்றுவிட்டாள்.
தின்ற மூலையோடு அது கோப்பில் இருக்கிறது.

ஆண்டறிக்கைக்குப் பொதுக்கூட்டம் வேண்டும்.
பொதுக்கூட்டத்துக்குக் கோரம் பதினொன்று.
(கோரத்துக்கு வேறு அர்த்தமும் உண்டு,
அதுவும் சரிதான்.)

பிந்திய மழை.
வாசிகசாலையில் பத்துப் பேர்.
பதினோராவது ஆள் தெய்வநாயகம்
அக்கரையில், மாட்டுப்பட்டியில்.
ஓடம் விட்டால் கூட்டிவரலாம்.
பெற்றோல் வேண்டும்.
செலவைக் கூட்டம் அங்கீகரிக்க வேண்டும்.
கோரம் இல்லாமல் அது கூட்டம் இல்லை.

தங்கேஸ்வரி
பெட்டித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
நான் யாப்பைப் புரட்டினேன்.
நானே எழுதியது,
எனக்குக்கூட இரங்கவில்லை.

அழகிப்போடி ஒன்றும் பேசவில்லை.
எழும்பிப் போய்
கூரைக்கடியில் செருகிக் கிடந்த
பழைய கம்பை இழுத்தெடுத்தார்.

இரண்டு மணித்தியாலம்.
ஒன்பது பேராய் இருந்து தேத்தண்ணி குடித்தோம்.

இருட்டுப்பட ஓடம் தெரிந்தது.
அதில் மூன்று உருவம்.
தெய்வநாயகத்தின் மடியில் அவர் மனிசி,
காய்ச்சலில் பல் கிட்டி,
சாரத்தால் போர்த்தபடி.
ஆட்டோ பிடித்தோம்.
அவர் கூடவே ஏறிப் போனார்,
ஒப்பம் வைக்காமல்.

திரும்பவும் பத்துப் பேர்.

கூட்டக்குறிப்புக் கொப்பியில் எழுதினேன்:
கோரமின்மையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.
காரணம் என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனையை ஊன்றி நின்றுவிட்டு,
"நோக்கம், பிரிவு மூன்று" என்று போட்டேன்.

மிஸ் ஏற்பாவோ தெரியாது.