இருபத்துநாலு ஹெர்ட்ஸ்

மென்பொருளுக்கு மலை தெரியாது.
எதை விடுவது, எதை மறிப்பது
என்று மட்டும் கேட்கிறது, இரண்டு வெள்ளைக் கட்டங்களில்.
ஐந்து என்று தட்டினேன். பிறகு நாற்பது.
இடையில் வருவது மண்ணின் அசைவு.
வெளியே நிற்பவை
லாரி, கோவில் ஜெனரேட்டர்,
லயத்துக் கோடியில் துணி அடிக்கும் கல்.

ஹட்டன். இரவு பதினொன்று.
மூன்று நாளாக விடாத மழை
தகரத்தில் எல்லா அதிர்வெண்ணிலும்
ஒரே அளவாக விழுகிறது.

பட்டியலில் பெயர்கள் தொங்குகின்றன.
செபிஷெவ் கத்தி போல வெட்டும்,
ஆனால் ஒரு தட்டுத் தட்டினால்
தட்டியவன் போன பிறகும் முனகிக்கொண்டிருக்கும்.
பெசல் சோம்பல்.
வந்ததை வந்த உருவிலேயே கொடுக்கும்.
மண் ஒருதரம் வெடித்தால்
ஒருதரம் என்றே எனக்குத் தெரிய வேண்டும்.
பெசலைச் சொடுக்கினேன்.

15.83 கிலோ ஓம் என்றது திரை.
நிஸ்தார் நானாவின் கடையில் பதினைந்து உண்டு, பதினாறு உண்டு.
"புள்ளிக்குப் பொறகு வாறதெல்லாம் கொழும்புல கேளுங்க."
பதினைந்தின் வாலில் ஒரு எண்ணூற்று இருபதைக் கட்டினேன்.
மின்தேக்கிகளோ பத்து வீதம் முன்னே பின்னே.
அதையும் சொல்லி நூறு முறை ஓட்டிப் பார்த்தேன்.
ஒற்றைக் கோடு
நனைந்த கயிற்றின் நுனி மாதிரிப் பிரிந்து நின்றது.
பரவாயில்லை, நூறில் எதுவும் மலையைத் தவறவிடவில்லை.

ஆனால் ஃபேக்டரி.
கொழுந்து வாட்டும் பெரிய விசிறி
நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று.
அறுபதால் வகு. இருபத்துநாலு.
மண் பேச வரும் வாசலின் நட்ட நடுவில்
கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

அந்த ஓரிடத்தில் மட்டும் ஒரு பள்ளம் தோண்டினேன்.
இன்னும் இரண்டு ஒப்-ஆம்ப், கைப்பிடி அளவு தடைகள்,
நாற்பது டெசிபல் ஆழம்.
திரையில் அது கிணறு போல அழகாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மேல் லயத்துக்குப் பின்னால் புதைத்தோம்.
வரைபடம் இஸ்திரி போட்டது போலக் கிடந்தது.
இந்துனில் "நியமை!" என்றான்.
இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம்.

பிள்ளை மடுவத்துத் திரையைப் பார்ப்பது சுகிர்தமலர்.
வடிகட்டி என்றால் தேயிலை வடி என்று நினைத்திருந்தவள்,
வியாழன் இரவு போன் எடுத்தாள்.
"நேத்து முழுக்க கோடு சும்மா கெடந்துச்சுங்க.
மலை தூங்குதா,
இல்ல ஒங்க பெட்டி செத்துப்போச்சா?"

மழை இரைச்சலில் கேட்காதது போல
இன்னொரு முறை கேட்கச் சொன்னேன்.
கேட்டிருந்தது.
எலி கம்பியைக் கடித்தாலும் அதே நேர்கோடு.
மின்கலம் தீர்ந்தாலும் அதே நேர்கோடு.
இருபத்தொரு குடும்பம் அந்தக் கோட்டை நம்பிப் பாய் விரிக்கிறது.

கோப்பைத் திரும்பத் திறந்தேன்.
நாற்பதைப் பன்னிரண்டாக்கினேன்.
ஒரே ஒரு தடையைத்தான் மாற்றினேன்.
கிணறு, குழியாயிற்று.
விசிறியின் முனகல் இப்போது கோட்டில்
மெல்லிய நூலாக ஓடுகிறது.
நூல் ஓடினால் பெட்டிக்கு உயிர்.
நூலைத் தாண்டி எழுந்தால்
பிள்ளைகளைத் தூக்கு.

"ஞாயிறு ஃபேக்டரி ஓடாதே," என்றான் இந்துனில்.
அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில்
சுகிர்தமலர் குடையோடு ஏறிப் போய்
பெட்டிக்குப் பக்கத்தில் காலை ஓங்கி ஒரு மிதி.
இங்கே என் திரையில் ஒரு மேடு
எழும், அடங்கும், அவ்வளவுதான்.

இன்று ஞாயிறு.
மேடு எழுந்தது, அடங்கியது.
நாலு விநாடி கழித்து இன்னொன்று,
கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் அகலமாக.

"ரெண்டு தரம் மிதிச்சீங்களா?"

போனில் மழை.
"இல்லீங்களே. ஒருக்காதான்."

பெசல் முனகாது.