எழுவாய்

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
மூன்றாவதற்கு இலக்கு என்று பெயர்.
அதில் என்னைப் பற்றி எழுதக் கூடாது.
தினமும் புண்ணைக் கட்டுவேன் என்பது என் வேலை,
அது பக்கத்துக் கட்டத்துக்குப் போகும்.
இலக்கு வாக்கியத்தில் எழுவாய் நோயாளிதான்.
எழுவாய் என்பதை
எழுந்திருப்பாய் என்றும் படிக்கலாம்.
இரவு டூட்டியில் நான் அப்படித்தான் படிப்பேன்.

புரிந்துகொள்வார் என்று எழுதினேன், அடித்தேன்.
புரிந்ததை எந்த டேப்பால் அளப்பது.
உணர்வார் என்பதும் ஆகாது.
நடப்பார், காட்டுவார், சொல்வார்,
இத்தனை நாளுக்குள், இத்தனை அடி;
கண்ணுக்குத் தெரிகிற வினைமுற்றாக வேண்டும்.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி.
பெண்கள் அறுவை வார்டு, பதினோராம் கட்டில்.
அஞ்சலாட்சி, ஐம்பத்து நாலு, சிங்காரத்தோப்பு.
முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து
மஞ்சள்நகர் வரை கூடை சுமந்தவள்.
சர்க்கரை.
வலது காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று.

எழுதினேன்:
நோயாளி மூன்று நாளுக்குள்
கைக்கண்ணாடி வைத்துத்
தன் பாதத்தின் அடியைத் தானே பார்த்துச் சொல்வார்.
நோயாளி ஐந்து நாளுக்குள்
காலடியில் ஸ்டூல் வைத்துக் கட்டிலோரம்
துணையின்றிப் பதினைந்து நிமிடம் உட்கார்வார்.

படித்துக் காட்டினேன்.
"இதெல்லாம் ஒன்னோட ஆசை" என்றாள்.
"என்னுத எழுதிக்கோ.
தடைக்காலம் முடிஞ்சு
மொத போட்டு வர்ற அன்னிக்கு
அஞ்சலாட்சி ஏலத்துல நிப்பா."

தேதி இருந்தது. இடம் இருந்தது.
எழுவாய் நோயாளி.
இலக்கணப்படி
என் இரண்டு வாக்கியத்தையும்விட அது சுத்தம்.
ஆனால் நிற்கக் கூடாதே.
தையல் பிரிக்கவே இன்னும் பத்து நாள்.
மீன் கழுவிய தண்ணீர், ஐஸ், வழுக்கும் சிமெண்டுத் தரை,
எல்லாம் சொன்னேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதல் நாள் கண்ணாடியைக் கொடுத்தேன்.
கொண்டையைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.
இரண்டாம் நாள் அதை வைத்து
பின்கட்டில்காரி என்ன சாப்பிடுகிறாள் என்று பார்த்தாள்.
மூன்றாம் நாள் விடிகிற நேரம்,
நான் வேறு யாருக்கோ டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது
தட்டு எண்ணுகிற குரலில் கேட்டது:
"மூணு இருக்கு. ரெண்டு இல்ல.
அடியில செவப்பு இல்ல, நீர் இல்ல.
எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.
நேரம் நாலு ஐம்பது.
அவள் கையில் கண்ணாடி ஆடிக்கொண்டிருந்தது,
அதற்குக் கட்டம் இல்லை.

ஜூன் பதினாறு.
முதுநகர்ப் படகுச் சத்தம் மஞ்சக்குப்பத்துக்குக் கேட்காது.
மருமகள் வெண்மதி வீடியோவில் கூப்பிட்டாள்.
துறைமுகம் குலுங்கிக் குலுங்கி வந்தது,
யார் யாரோ முழங்கால், ஒரு நாய்,
பிறகு தட்டு நிறையச் சங்கரா.
"கீழ காட்டுடி. செவுளத் தூக்கு.
செவப்பு இருக்கா பாரு."
உட்கார்ந்திருந்தாள்.
யாரும் பிடிக்கவில்லை.
"அவன் முன்னூறுன்னா நாம நானூறு.
அதுக்கு மேல ஒத்த ரூபா ஏறாத, விட்டுடு.
ஏய், விடாதடி!"
வார்டே விழித்துக்கொண்டது.
பித்தப்பைக் கல் எடுத்த அம்மா
தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
நான் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதிப்பீடு கடைசிக் கட்டம்.
நிறைவேறியது, ஓரளவு, நிறைவேறவில்லை.
ஒன்றைச் சுழிக்க வேண்டும்.
கட்டிலோரம், துணையின்றி, இருபத்தாறு நிமிடம்.
என் கணக்கில் நிறைவேறியது.
அவள் கணக்கில், தட்டு இரண்டு கிடைத்தது,
நிற்கவில்லை.
ஓரளவைச் சுழித்தேன்.

கீழே, திருத்திய இலக்கு என்று
இரண்டு வரி வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.
பேனாவோடு போய் நின்றேன்,
இந்த முறை நான் முந்தவில்லை.

"மொதல்ல இந்தப் போனுக்கு
சார்ஜ் போடு சிஸ்டர்" என்றாள்.
"நாளைக்கும் போட்டு வரும்."