ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர்

படிந்ததைப் படிப்பது என் வேலை.
அதற்குச் சம்பளம் தருகிறார்கள்,
முழங்கைவரை ஏறும் கையுறை தருகிறார்கள்,
போத்னியா வளைகுடாவின் மேல்
இருட்டவே மறந்துபோகும் ஒரு ஜூன் மாதத்தையும்.

குழாய் இறங்குகிறது.
பதினோரு மீட்டர் தண்ணீர்.
அதன் பிறகு
தண்ணீரென்றும் சொல்ல முடியாமல்
மண்ணென்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று.
கம்பி தொய்ந்ததும் வின்ச்சை நிறுத்துகிறார் தூரே.

குழாய்க்கு முன்னால் நாற்றம் வந்துவிடும்.
அழுகிய முட்டை, நனைந்த அட்டைப்பெட்டி.
அறுபது ஆண்டு காகித ஆலை துப்பிய மரக்கூழ்
இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது,
குமிழ் குமிழாக.
படகின் தளத்தில் மண்டியிட்டுத்தான்
இந்த மண்டியைப் பார்க்க முடியும்.

ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுத்து
டப்பாவில் இட்டு எண் எழுதுகிறேன்.
ஐந்தாவதில் சீசியம் இருக்கும்:
செர்னோபில் மேகம் எங்கள் தலைக்கு மேல்
மழையாகப் பெய்த ஏப்ரல்.
அந்தக் கோட்டை வைத்துத்தான்
மற்றப் பக்கங்களுக்கு எண் போடுகிறோம்.
ஒரு நஞ்சின் பிறந்தநாளை
இன்னொரு நஞ்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

இருபத்து மூன்றாவது டப்பா.
ஆய்வகத்தின் தாளில்
பாதரசம் தலை நீட்டி நிற்கும் இடம்.
கணக்குப்படி அறுபத்து நான்கு.
ஆலை போனஸ் கொடுத்த ஆண்டு,
என் வீட்டுக்கு வெளிர்நீல ஃப்ரிட்ஜ் வந்த ஆண்டு,
நான் வந்த ஆண்டு.
அதில் குளிர்ந்த பாலில் வளர்ந்த எலும்புதான்
இப்போது கத்தியைப் பிடித்திருக்கிறது.
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.

'வியாழக்கிழமைகளில் தொட்டி கழுவுவோம்'
என்றார் தூரே, யாரும் கேட்காமலே.
அப்போது அவருக்குப் பத்தொன்பது.
வால்வு கொஞ்சம் இறுக்கம்,
இரண்டு கையாலும் திருக வேண்டும்.
'எல்லாம் எங்கே போகும் என்று...'
தொடங்கியவர் நிறுத்திக்கொண்டு
கரையின் புகைபோக்கியைப் பார்த்தார்.
புகை இல்லாத புகைபோக்கி.
'அப்போது கடல் பெரிதாக இருந்தது.'

மதியம் ஹெர்ரிங் டப்பாவைத் திறந்தார்.
பிள்ளை பெறும் வயதுப் பெண்கள்
இதை அடிக்கடி உண்ண வேண்டாம் என்று
அரசாங்கத் தாள் சொல்கிறது.
இந்த ஆண்டில் எனக்கு இது எத்தனையாவது
என்று விரல் மடக்கினேன்.
தூரே ரொட்டியில் வெண்ணெய் தடவினார்,
விளிம்புவரை, ஒரு மூலையும் விடாமல்.
தின்றேன். சுவையாகத்தான் இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
இந்தக் கரையில் நிலம் எழுந்துகொண்டிருக்கிறது.
எப்போதோ பனிப்பாறை உட்கார்ந்து எழுந்த மெத்தை
இன்னும் உப்பி முடியவில்லை.
ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர்,
நூறாண்டுக்கு இரண்டு முழம்.
பழைய படகுக் கொட்டகைகள்
புல்வெளி நடுவே நிற்கின்றன, தண்ணீரைத் தேடி.
அதே வேகத்தில் அடித்தரையும் ஏறுகிறது,
மேலே சுமந்திருப்பதோடு.
யாரும் தோண்ட வேண்டியதில்லை.
புதைத்தோம் என்று நினைத்தது
அலையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு
அவசரமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது.

மாலை. வெயில் மட்டும் போகவில்லை.
வெட்டியது போக மீந்த சேறு
வாளியில் கிடக்கிறது.
விதி இது: கீழே கிடந்தவரை அது கடல்;
படகில் ஏறிய கணத்தில் அபாயக் கழிவு.
திரும்பக் கொட்டினால் அபராதம்.
தூரே மூடியை வைத்து,
முழங்காலால் அழுத்தி, பூட்டுகிறார்.
சீட்டு ஒட்டுகிறார். கையெழுத்திடுகிறார்.

பிறகு, பழக்கத்தில்,
படகின் விளிம்பில் குனிந்து
கடலில் கை கழுவுகிறார்.